மைனஸ் பத்து கூடைப் பூ

ஜனவரி 19

எமிமாள் அக்காவின் பென்சில் பெட்டியில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று இருந்தது. அவர் நெற்றியில் பொட்டு இல்லை. அவர்கள் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள், வைக்க மாட்டார்கள். பிறகு எதற்கு அது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. நான் வேலை பார்க்கும் தையல் கடைக்கு எதிரே இருக்கும் பெண்கள் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருடம் படிக்கிறார். பரீட்சையில் அவர் வாயால் சொல்லச் சொல்ல வேறொருவர் தாளில் எழுத வேண்டும். எழுதுகிற ஆள் அவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டுமாம். அந்தப் பாடமும் தெரிந்திருக்கக் கூடாதாம்.

ஹாஸ்டல் வார்டன் ஜாக்கெட் வாங்க வந்தபோது, அளவுச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது யாரு எழுத்து, முத்து முத்தா இருக்கு?" என்று கேட்டார்.

"நம்ம இசக்கிதான். ஒம்பதாவதோட நின்னுட்டா" என்றாள் ஆவுடை அத்தை. கடை அவளுடையது.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் வார்டன்.

நான் படிப்பை விட்டதற்கு யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

வார்டன் கூட்டிப் போனதும் எமிமாள் அக்கா என் கையைப் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்தார். "ஊசி குத்தின கை. வேகமா எழுதுவியா?" நான் தலையை ஆட்டினேன். "தலைய ஆட்டினா எனக்கு எப்படிட்டி தெரியும்?" என்று சிரித்தார். தினமும் ஏதாவது எழுதிப் பழகச் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜனவரி 22

ஆறு சேலைக்கு ஃபால்ஸ். கை வலி. இன்று இது போதும்.

பிப்ரவரி 2

மாலையில் கல்லூரி வேப்பமரத்தடியில் பயிற்சி. அக்கா சொல்வார், நான் எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அவர் வகுப்புத் தோழி ராமலெட்சுமியும் வருகிறார். படிக்க வருவதாகச் சொல்கிறார். வந்ததும் முறுக்குப் பொட்டலத்தைத்தான் முதலில் பிரிக்கிறார்.

இந்த வருடம் அவர்களுக்குக் கணிதப் பொருளியல் என்று புதிதாக ஒரு பாடம். சந்தையில் நடப்பதைச் சமன்பாடாக எழுதிப் பார்க்க வேண்டும். அதற்கு மாடல் என்று பெயர். வகுப்பில் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

"பத்தாவதுல முப்பத்தஞ்சு வாங்கிட்டு, இனி ஒன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு கணக்குகிட்டச் சத்தியம் பண்ணிட்டுத்தான் எகனாமிக்ஸ் எடுத்தேன்" என்றார் ராமலெட்சுமி. "பின்னாலயே வந்து இங்கயும் உக்காந்திருக்கு."

இன்று வகுப்பில் நடந்ததை அவர்தான் சொன்னார். சங்கரவடிவு மேடம் அந்தப் பாடத்தை எடுக்கிறார். எமிமாள் அக்கா விரும்பினால் கணக்குக் கேள்விகளை விட்டுவிட்டு அவற்றுக்குப் பதிலாகக் கட்டுரை எழுதலாம், கண் தெரியாதவர்களுக்கு அப்படிச் சலுகை உண்டு என்றாராம். உடனே ராமலெட்சுமி எழுந்து, "என் கண்ணையும் கட்டி விட்ருங்க மேடம், நானும் கட்டுரையே எழுதிக்கிடுதேன்" என்றாராம். வகுப்பே சிரித்ததாம்.

நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். எமிமாள் அக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"நான் கணக்கே எழுதுதேன்னுட்டேன்" என்றார். "மேடம் யோசிக்காங்க. செமஸ்டருக்கு முந்தி வைக்கிற மாடல் எக்ஸாம்ல கணக்குப் பகுதில பாஸானா விடுவாங்களாம். இல்லாட்டி கட்டுரைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"ஒனக்கென்னட்டி கிறுக்கா? சும்மா கிடைக்கிறத வேண்டாங்க" என்றார் ராமலெட்சுமி.

"எம்.ஏ.க்கு எவன் சேப்பான், கணக்க விட்டுட்டு வந்தவளை? அதுவும் போக..." என்றார் அக்கா. "ஒங்க எல்லாருக்கும் போர்டுல படம் போட்டாத்தான் பாடம் புரியுது. படம் வந்ததும் நான் சும்மா உக்காந்திருப்பேன். ஈக்வேஷன் அப்படி இல்ல. சொன்னா முழுசாக் காதுல விழும். இந்தக் காலேஜ்ல அது ஒண்ணுதான் ஒங்களுக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு."

ராமலெட்சுமி முறுக்கை நீட்டினார்.

பிப்ரவரி 11

பொட்டு எதற்கு என்று தெரிந்துவிட்டது.

அக்காவிடம் ஒரு கெட்டி அட்டை இருக்கிறது. அதில் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஒட்டிக் கட்டம் போட்டிருக்கிறார். விலை இவ்வளவு என்றால் எவ்வளவு விற்கும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கட்டத்தில் ஒரு பொட்டை ஒட்டுகிறார். இன்னொரு விலைக்கு இன்னொரு பொட்டு. இரண்டையும் தொட்டுக்கொண்டு ஒரு கம்பளி நூலை இழுத்துக் குண்டூசியால் குத்தினால் கோடு. விரலால் தடவினால் கோடு கீழே இறங்குவது தெரிகிறது. விலை ஏற ஏற வாங்குகிறவர்கள் குறைவார்கள் என்று அதற்கு அர்த்தம்.

ராமலெட்சுமி விடவில்லை. "எங்க வீட்ல பூ யாவாரம். முகூர்த்த நாள்ல பிச்சிப்பூ வெலை எங்கயோ போகும். அன்னைக்குத்தான் கூட்டம் அள்ளும். ஒங்க கோடு என்னடான்னா வெலை ஏறினா ஆள் வரமாட்டாங்கன்னு சொல்லுது. இந்த மாடல் எல்லாம் பொய்யி."

எமிமாள் அக்கா யோசித்தார். பிறகு அந்தக் கம்பளி நூலை இரண்டு முனையிலும் பிடுங்கி, அப்படியே வலப்பக்கம் தள்ளிக் குத்தினார்.

"முகூர்த்தத்தன்னைக்கு கோடே எடம் மாறிருது. எந்த வெலைக்கும் மத்த நாளைவிடக் கூட ஆள். ஆனா அன்னைக்கும் வெலைய இன்னும் ஏத்திப் பாரு, கொஞ்சம் பேரு கதம்பத்துக்குப் போயிருவாங்க. இந்தா, தொடு."

ராமலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டு பழைய ஓட்டைகளையும் புது நூலையும் மாறி மாறித் தடவினார். வெகுநேரம் தடவினார். "ஆமால்ல. எங்கப்பாவும் இதத்தான் செய்யுதாரு. கோடுன்னு சொல்லத் தெரியாது" என்றார்.

அவர் எழுந்து போன பிறகு நானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். சும்மாதான்.

பிப்ரவரி 12

தெருவில் தண்ணீர் வரவில்லை. சர்ச் பக்கத்துக் குழாயில் போய்ப் பிடித்தேன்.

பிப்ரவரி 24

அப்பா டீக்கடை வரை தனியாக நடந்து போய்விட்டுத் திரும்பினார். பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவர். அப்போது கூடவே இருந்து தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டியிருந்தது. அம்மா வேலைக்குப் போனாள், நான் வீட்டில் இருந்தேன். இப்போது கைத்தடி ஒன்று போதும்.

சோறு வடிக்கும்போது அப்பா கேட்டார், "என்னத்தட்டி வாய்க்குள்ளயே முனங்குத?"

"பாட்டு" என்றேன்.

"அம்பது மைனஸ் ரெண்டுன்னு ஒரு பாட்டா?"

நான் அப்பாவுக்குத் தட்டு எடுத்து வைத்தேன்.

மார்ச் 6

மாடல் எக்ஸாம் முடிந்தது. எங்களுக்குத் தனி அறை. மேற்பார்வைக்கு வந்த மேடம், எழுதுகிற பிள்ளை கேள்வியை வாசிக்கலாம், சொன்னதை எழுதலாம், வேறெதுவும் பேசக் கூடாது என்றார். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமா என்ன.

பெரிய கணக்கு பூச்சந்தையைப் பற்றியது. ஒரு கூடை விலை ஐந்தாக இருந்தால் வாங்க நாற்பது கூடைக்கு ஆள் உண்டு, விவசாயிகள் கொண்டுவருவது ஐந்து கூடை. விலை பத்தானால் வாங்க முப்பது, வருவது இருபது. இதிலிருந்து தேவைக்கு ஒன்று, அளிப்புக்கு ஒன்று என்று இரண்டு சமன்பாடு அமைத்து, எந்த விலையில் இரண்டும் சமமாகும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அக்காவுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். இருமிக்கொண்டே சொன்னார். மேசையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே கடகடவென்று சொல்லி முடித்தார். விலை பன்னிரண்டு, பூ இருபத்தாறு கூடை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவருக்கு வாய் தவறிவிட்டது. காய்ச்சல்தானே காரணம். நான் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 7

அக்காவுக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. ஆவுடை அத்தை என்னைப் பார்த்து, "என்ன, இன்னைக்கு ஊசியே சிரிக்கு" என்றாள்.

மார்ச் 11

மரத்தடியில் எமிமாள் அக்கா அட்டையை வெளியே எடுக்கவே இல்லை. ராமலெட்சுமிதான் சொன்னார்.

கணக்குப் பகுதியில் அக்கா பாஸாகவில்லை. சங்கரவடிவு மேடம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாராம்: "சமன்பாடு தப்பு. அதிலேருந்து அடுத்த வரி வரவே வராது. ஆனா விடை மட்டும் சரியா இருக்கு. எங்கிருந்தோ வந்து உக்காந்த மாதிரி இருக்கும்மா. நான் சந்தேகப்படல. ஆனா மார்க் போட வழி இல்ல. செமஸ்டர்லயும் இப்படி ஆச்சுன்னா ஒன் வருஷமே போயிரும். கட்டுரையே எழுது." வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"எந்த எடத்துல தப்பாம்?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்காவுக்குக் கேட்டது. "அளிப்பு ஈக்வேஷன்ல. மைனஸ் பத்துன்னு வரணும். தாள்ல வெறும் பத்துன்னு இருக்காம். நான் மைனஸ்னுதான் சொன்னேன்னு நெனைப்பு. காய்ச்சல்ல வாய் குழறியிருக்கும். தாள்ல அப்படித்தான இருக்கு. நான் என்ன பாத்தேனா?"

பிறகு, "நீ நல்லாத்தான் எழுதின இசக்கி. நாந்தான்" என்றார்.

நான் கடைக்கு வந்து ஹூக் கட்டினேன். ஒரு ஜாக்கெட்டுக்கு எல்லா ஹூக்கையும் தலைகீழாகக் கட்டிவிட்டேன்.

மார்ச் 12

அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.

பத்து, கூட்டல், மூன்று தடவை விலை. விலை ஐந்து என்றால் இருபத்தைந்து கூடை வருகிறது. ஆனால் கேள்வியில் ஐந்து கூடைதான் வந்தது.

மைனஸ் பத்து, கூட்டல், மூன்று தடவை விலை. விலை ஐந்து என்றால் ஐந்து கூடை. விலை பத்து என்றால் இருபது கூடை.

அவர் வாய் தவறவில்லை.

யாராவது மைனஸ் பத்து கூடைப் பூவைச் சந்தைக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது என்றுதான் நினைத்தேன். பாவம், அக்கா தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்து அந்தச் சின்னக் கோட்டைப் போடாமல் விட்டுவிட்டேன். அவர் இரண்டாவது தடவை சொன்னபோதும் விட்டுவிட்டேன். அறுபது என்று அடுத்த வரி சொன்னபோது அவர் சொன்னதையே எழுதினேன். அது எப்படி வந்தது என்று பார்க்கவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை.

மார்ச் 13

கல்லூரி ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன். அங்கே மூன்று மேடம் உட்கார்ந்திருந்தார்கள். யார் சங்கரவடிவு மேடம் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. பேர் எழுதிய பலகை மேசையில் இருந்தது. நல்லவேளை.

"யாரும்மா நீ?"

"எமிமாள் அக்காக்கு எழுதினவ."

"சொல்லு."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அக்கா மைனஸ்னுதான் சொன்னாங்க. நான்தான் போடல."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மேடமே அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். ஆனாலும் நான் சொன்னேன், "இல்ல. அது தப்புன்னு நெனச்சேன். இல்லாத பூவ எப்படிக் கொண்டாருவாங்கன்னு நெனச்சேன். நேத்து வீட்ல போட்டுப் பாத்தேன். அக்கா சொன்னதுதான் சரி."

"நீ போட்டுப் பாத்தியா?"

"ஆமா மேடம்."

அவர் மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "அந்த மைனஸ் பத்து பூ இல்லம்மா. ரொம்ப மலிவா இருந்தா எவனும் பறிக்கவே மாட்டான். எந்த வெலைலேருந்து பறிக்க ஆரம்பிப்பான்னு காட்ட, கோட்டைக் கீழேருந்து இழுக்கோம். அவ்வளவுதான்." பிறகு குரல் மாறியது. "ஆனா நீ செஞ்சது பெரிய தப்பு. பரீட்சைத் தாள்ல கை வைக்கிறது. தெரியுதா?"

தெரியுது என்றேன். இனி வேறு ஆளைத்தான் வைப்பார்கள். அதனால் எனக்கு ஒன்றும் இல்லை. கடையில் வேலை நிறைய இருக்கிறது.

மார்ச் 14

வேலை அப்படி ஒன்றும் இல்லை.

மார்ச் 16

அக்கா ராமலெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்தார். ஆவுடை அத்தை ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அக்கா உட்காரவில்லை.

"என் தப்பத் திருத்த நீ யாருட்டி?"

நான் தலையைக் குனிந்தேன். அவருக்கு எப்படித் தெரியும்.

"நான் தப்பாவே சொல்லியிருந்தாலும் அது என் தப்பு. எனக்கு மார்க் போனா என் மார்க்கு. ரோட்டோரமா சும்மா நின்னா போதும், கையப் பிடிச்சு அந்தப் பக்கம் கொண்டு விட்டுட்டுப் புண்ணியம்னு போயிருதாங்க. நான் அந்தப் பக்கம் போகணும்னே நெனச்சிருக்க மாட்டேன். திரும்பி வர நாந்தான் கெடந்து அலையணும். நீயும் அதத்தான் செஞ்ச."

"தப்புதான்க்கா" என்றேன்.

"மூணு நாளா என் மண்டையவே நான் நம்பல. தெரியுமா ஒனக்கு?"

ஆவுடை அத்தை மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சாக்கா?"

"போடப் போனேன். நீ வந்துட்டுப் போனன்னு மேடம் அந்தக் கையெழுத்துத் தாளக் கிழிச்சுட்டாங்க. புதுசா ஒரு கணக்கக் குடுத்து வாயாலயே போடச் சொன்னாங்க. போட்டேன். செமஸ்டர்ல கணக்கே எழுதுன்னுட்டாங்க."

அப்போதுதான் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "வேற ஆளு பாக்கவான்னு கேட்டாங்க. வார்டன் இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்தாங்க. அவ எழுத்து கோழி கிண்டினாப்புல இருக்காம்."

"நான் பாத்தேன். கோழி கோவிச்சுக்கிடும்" என்றார் ராமலெட்சுமி.

"இனி நான் சொல்லுற ஒவ்வொரு வரியவும் எழுதின ஒடனே வாசிச்சுக் காட்டணும். வாசிக்கலாம்னு மேடத்துகிட்டக் கேட்டுட்டேன். தப்புன்னு தோணினாலும் வாசி. குரல்ல ஒண்ணும் காட்டக் கூடாது. வெளிய வந்தப்புறம் என்கிட்டச் சண்டை போடு. முடியுமா?"

தலையை ஆட்டினேன். பிறகு நினைவு வந்து, "முடியும்க்கா" என்றேன்.

மார்ச் 27

மரத்தடியில் இப்போது ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரு அட்டை. ராமலெட்சுமி வீட்டிலிருந்து பூ கட்டும் நார் கொண்டுவந்தார். பொட்டு வாங்கி மாளவில்லை. ஒருத்தி, "கணக்கு இன்னும் பிடிக்கலதான். ஆனா பயம் போச்சு" என்றாள். இன்னொருத்திக்கு வெறுப்பு, பயம் இரண்டும் போகவில்லை. முறுக்குக்காக வருகிறேன் என்று நேராகவே சொன்னாள்.

ஏப்ரல் 8

செமஸ்டர் பரீட்சை. இன்று கணிதப் பொருளியல்.

கடைசிக் கணக்கு மறுபடியும் பூச்சந்தைதான். தேவைக்கும் அளிப்புக்கும் சமன்பாடு அவர்களே கொடுத்திருந்தார்கள். அரசு விலையை நான்கு என்று நிர்ணயித்தால், அளிப்பிலிருந்து தேவையைக் கழித்தால் என்ன வரும், அதன் பொருள் என்ன என்று கேள்வி. வாசித்தேன். அக்கா மேசையில் விரலால் கோடு இழுத்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பேனாவைத் தாளிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் வாயைத் திறக்கும்வரை இறக்கவில்லை.

"மைனஸ் நாப்பது" என்றார்.

எழுதினேன். "மைனஸ் நாற்பது" என்று வாசித்தேன், குரலில் ஒன்றும் காட்டாமல்.

"நாப்பது கூடைக்கு ஆள் இருக்கு, பூ இல்ல. அதான் பொருள். எழுது."

வெளியே வந்ததும் எல்லோரும் மரத்தடியில் விடையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு இருபது வந்திருந்தது, அழுகிற மாதிரி நின்றாள். "மைனஸ் நாப்பதுட்டி, எனக்கே வந்திருச்சு" என்று ராமலெட்சுமி என் முதுகில் ஒரு அடி வைத்தார். பிறகு விளையாட்டாக, "ஒனக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டார்.

"மைனஸ் நாப்பதுதான்" என்றேன். "அக்கா சொல்லுறதுக்கு முந்தியே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எமிமாள் அக்கா என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "போச்சு" என்றார். "இனி இவ எனக்கு ஆக மாட்டா. பாடம் தெரிஞ்சவ எழுதக் கூடாதுல்லா. அடுத்த செமஸ்டருக்கு அந்தக் கோழியத்தான் கூப்பிடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். அக்கா என் கையைத் தேடிப் பிடித்தார்.

"நீ போயி ஒன் பரீட்சைய எழுது. தனியா பத்தாவது எழுதலாம். கேட்டுப் பாரு."

எனக்கு எதற்கு அதெல்லாம்.

ஏப்ரல் 9

அப்பாவின் வேட்டியைத் துவைத்தேன். ரேஷனில் பருப்பு வரவில்லை. ஆவுடை அத்தையிடம் நாளைக்கு அரை நாள் லீவு கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

ஏப்ரல் 10

நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆபீஸில் கண்ணாடி போட்ட ஒருவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் நின்று, தனியாகப் பத்தாவது எழுத வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"என்னம்மா, காதுல விழல" என்றார்.

மறுபடியும் சத்தமாகக் கேட்டேன்.